தண்ணீர் வடியும் நேரம்

பிப்ரவரி 6, செவ்வாய்
எங்கள்மேல் பொய்ப்பழி போட்டுவிட்டார்கள். எண்ணூர் அலையாத்திக் காட்டுக் காப்பகத்தில் தண்ணீர் சுத்தமாம். இறால் குறைந்ததற்கு நாங்கள் அரித்தெடுப்பதுதான் காரணமாம். இனி யாரும் இறங்கக்கூடாது என்று பலகை நட்டாயிற்று. ஆதாரம், ஆறு மாதமாக என் படகில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப்போன கல்லூரிப் பிள்ளைகளின் அறிக்கை.

என் மனைவி சிலுவையம்மாள் முப்பத்தொரு வருடம் அந்தச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடித்தவள். இன்று வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 7
நான்கு பக்கம் மனு எழுதிப் போனேன். காப்பக அலுவலகக் காவலாளி வாங்கவே இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு
அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, எம்.கே.பி. நகர் ஜெரினா, வந்தாள். உள்ளே வராதே என்றேன். வாசலிலேயே நின்றாள்.

"கோச்சிக்கினா எப்டி தாத்தா? வந்த நம்பரத்தான எழுதனோம்?"

"தண்ணி வடியறப்போ புடிச்சியா? ஆலைக்குழாய்லேர்ந்து வர்றது அப்பதான் தெரியும். கடல் ஏறிச்சின்னா எல்லாம் கலந்து பூடும்."

"வடியறப்போ படகு சேத்துல மாட்டிக்கும், ஏறுனப்புறம் வாங்கன்னு சொன்னது நீங்கதான?"

சிலுவை உள்ளேயிருந்து சிரித்தாள். "இன்னாய்யா, நீதான் சொன்னியா?"

இருபத்திரண்டு தடவை தண்ணீர் பிடித்தார்கள். அத்தனையும் நான் சொன்ன நேரம். சேறா காரணம்? கழி ஊன்றித் தள்ள முதுகு ஒத்துழைக்கவில்லை. அதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல ரோஷம் — தூ, என்ன ரோஷம்!

பிப்ரவரி 14
வடிந்தபின் போனோம். ஜெரினாவும் இறங்கித் தள்ளினாள். குழாய்க்குக் கீழே பிடித்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, மூடிய பாட்டிலையே மறுபடி மறுபடி திருகிக்கொண்டிருந்தாள். சோதிக்க அங்கேயே தடவிப் பிடித்த இரண்டு கை இறாலும் கொடுத்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி
முடிவு வந்தது. தண்ணீரில் ஈயம். இறாலிலும்.

"தண்ணி நல்லா கீதுன்னா நாம திருடங்க. கெட்டுப்போச்சின்னா நம்ம இறால எவன்யா வாங்குவான்? இறால் சேதிய மட்டும் வெளிய சொல்லாதய்யா" என்றாள் சிலுவை.

இதைத்தானே இத்தனை நாள் தின்றோம்? விற்றோம்?

பிப்ரவரி 25, ஞாயிறு
கல்லூரி பழைய அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். தவறான நேரம் குறித்தவன் நான் என்று என் பெயர் போட்டே எழுத வேண்டும். காப்பக அதிகாரி எங்கள்மேல் பழி சொல்லும் பலகையைப் பிடுங்க வேண்டும். ஆலைக்காரன் குழாயை அடைக்க வேண்டும். அதுவரை இந்த இறாலை யாரும் வாங்கக்கூடாது என்று மார்க்கெட்டில் நான்தான் சொல்ல வேண்டும்.

மார்க்கெட்டில் சொல்லப்போகிறேன் என்பதை அதற்கு முன் சிலுவையிடம் சொல்ல வேண்டும். பலகை போய்விடும் என்று, இறால் போடும் பறியைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறாள்.