அரக்கு நிறப் பெட்டி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எங்கள் செயலி முழுவதும் இன்று நீலத்துக்கு மாறியது. "அழித்துவிடலாமா?" என்று கேட்கும் பெட்டி மட்டும் பழைய அரக்கு நிறத்திலேயே வந்து நின்றது.

அதற்கென்று நிரலில் ஒரு வரி சேர்த்து, தனி நிறத் தீம் வைத்தவர் என்னோடு இந்தச் செயலியைத் தொடங்கிய ரஹ்மத். அப்போது உக்கடத்து மாடியறையில் நாங்கள் இரண்டே பேர். "ஏனுங்க, அழிக்கறவங்க கை ஒரு நிமிசம் தயங்கோணுமில்லீங்களா?" என்றார். நிறத்தைப் பார்த்தா கை நிற்கப்போகிறது என்று சிரித்தேன். அவர் இறந்து ஆறு வருடமாகிறது.

"அக்கா, அந்த ஒரு வரிய எடுத்துப்போட்டா இதுவும் நீலமாயிருமுங்க" என்றாள் கூட வேலை பார்க்கும் நித்யா.

நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வரியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். கை தயங்கியது. ஒரு நிமிடமல்ல, அலுவலகம் பூட்டும்வரை.