வெறும் வயிறும் ஏழு மணி மாத்திரையும்

பம்பாய், 1944 ஜூலை 10, திங்கள்

விடியற்காலை முதல் மழை. டிராம் இல்லை. மாடுங்காவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடை. குடைக் கம்பி ஒடிந்தது.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வாந்தியும் தாகமுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்த என் மனைவி விசாலத்தின் இரத்தத்தில் கால்சியம் மிக அதிகம். கழுத்துச் சுரப்பியில் கட்டி இருக்கலாம் என்று டாக்டருக்கு ஐயம். வெள்ளிக்கிழமை அறுவை. பிரசவமாகி மூன்று மாதம்தான். குழந்தை அடுத்த பிளாட் மாமியிடம்.

சம்மதப் பத்திரத்தை மூன்று முறை படித்துக் கையெழுத்திட்டேன். 'உயிருக்கு அபாயம் நேரினும்' என்ற இடத்தில் பேனா நின்றது. சாலிசிட்டர் ஆபீசில் பிறருக்காக இத்தகைய தொடர்களை எத்தனையோ எழுதியவன்.

வி. கேட்டது ஒன்றே. "ஏன்னா, கழுத்தை அறுத்தா கொழந்தையைக் கூப்பிடக் கொரல் இருக்குமோ?" இருக்கும் என்றேன். ஆதாரமற்ற கூற்று.

செய்ய வேண்டியவை: லீவு விண்ணப்பம். பிளாஸ்க் இரவல். ஊருக்குத் தந்தி. (எழுதினேன், கிழித்தேன்.)

ஜூலை 11, செவ்வாய்

இரத்த வகை பார்க்கும் சீட்டுடன் லாபரட்டரி வாசலில். எனக்கு முன்னால் ஒரு பார்சிக் கிழவர். "சுபே கோலி காயா? தோ ஆஜ் நஹீ, பாவாஜி" என்று அங்குள்ள ஆள் அவரைத் திருப்பி அனுப்பினான். காலையில் மாத்திரை விழுங்கிவிட்டாராம். கால்சியம் தின்றுவிட்டு வந்தால் இரத்தத்தில் கால்சியம்தானே ஏறி நிற்கும் என்று பக்கத்து ஆளிடம் சலித்துக்கொண்டான்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தவற்றை உள்ளபடி எழுதுகிறேன். பிரசவத்துக்குப் பின் வி.க்குக் கெண்டைக்கால் பிடிப்பு. மருந்துக்கடைக் கம்பவுண்டர் சொல்லக் கேட்டுக் கால்சியம் மாத்திரை வாங்கியவன் நான். வேளைக்கு ஒன்று என்றார். பால் கொடுப்பவளாயிற்றே என்று இரண்டாக்கியவன் நான். காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு. அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் சீசா அவள் தலையணைக்கு அடியில்.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னார்கள். காப்பியைத் தடுத்தேன். மாத்திரை ஆகாரமன்று; ஆகவே தடையில் அடங்காது என்று பொருள் கொண்டேன். ஏழு மணிக்குக் கொடுத்தேன். எட்டரைக்கு இரத்தம் எடுத்தார்கள்.

வேறு டாக்டர் மருந்து ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். கம்பவுண்டர் டாக்டர் அல்லர். கேட்டதற்கு மட்டும் விடை சொல்க: சாட்சிகளுக்கு நான் சொல்லித் தருவது.

டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். பூனா போயிருக்கிறார். வியாழன் மாலைதான் வருவாராம்.

ஜூலை 12, புதன்

சீசாவை எடுத்து வந்துவிட்டேன். வார்டு நர்ஸிடம் சொன்னேன். டாக்டரிடம் சொல்லுங்கள் என்றாள். அவளால் வேறென்ன சொல்ல முடியும்.

மாத்திரையால் மட்டும் இவ்வளவு ஏறுமா? கட்டியும் இருந்தால்? அறுவையை நிறுத்தச் சொல்லி, அவள் உயிர் போய்விட்டால்? நிறுத்தாமல், ஒன்றும் இல்லாத கழுத்தை அறுத்துவிட்டால்? இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்தேன். இரண்டிலும் தோற்றேன்.

சாப்பாடு இல்லை. சவரம் இல்லை. பால் சீட்டைத் தொலைத்தேன்.

ஜூலை 13, வியாழன்

நான்கு மணி முதல் டாக்டர் வீட்டு வாசலில். ஏழரைக்கு வந்தார். ஈரப் பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். பிறகு: "ஏன் சார், நான் என்ன உங்களைக் குறுக்கு விசாரணையா பண்ணினேன்?"

அறுவை தள்ளிவைப்பு. மாத்திரை அடியோடு நிறுத்தம். சனிக்கிழமை கழித்து அடுத்த சனிக்கிழமை மீண்டும் இரத்தம். கட்டி இல்லை என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

ஜூலை 22, சனி

இரத்தம் எடுத்தார்கள். அதற்குமுன் ஒரு வாய்த் தண்ணீர் கூடுமா என்று இரு முறை கேட்டு வந்தேன்.

எட்டு நாளாக ஒன்றும் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. பயம் மட்டும்.

ஜூலை 24, திங்கள்

மழை விட்டிருக்கிறது. அளவு இறங்கிச் சரியாக நிற்கிறது. அறுவை வேண்டாம். வாந்தியும் தாகமும்கூட மாத்திரையின் விளைவாகவே இருக்கலாம் என்றார் டாக்டர். சம்மதப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டார்.

வி.யிடம் முழுவதும் சொன்னேன். வாங்கியது, இரட்டித்தது, ஏழு மணிக்குக் கொடுத்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. "அதைப் போட்டுண்டா வயத்தைப் பெரட்டறதுன்னு மூணு தரம் சொன்னேனே. காதுலே வாங்கிண்டேளா?"

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை ஏப்ரல் வரை பின்னோக்கிப் புரட்டினேன். மாத்திரை கொடுத்த வேளைகள் ஒன்று விடாமல் இருக்கின்றன. அவள் சொன்னது எந்த நாளிலும் இல்லை.