பிந்தி வரும் பறவைக்கு

என் அன்பு மகனுக்கு,

அக்டோபர் பாதி போய்விட்டது. ஒகையோவில் இப்போது ஒரு ரீங்காரச் சிட்டுகூட இல்லை. எல்லாம் தெற்கே போய்விட்டன.

அவை குடிக்க ஜன்னலுக்கு வெளியே தொங்கும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியை அப்பா செப்டம்பரிலேயே கழற்றிவிடுவாரே. "வயித்துக்குக் கிடைச்சுட்டே இருந்தா எப்படிக் கிளம்பும்?" என்பார். உன்னைப் போகச் சொல்லி, உன் பெட்டியை வாசலில் வைத்த அன்றும் அதையேதான் சொன்னார்.

இந்த வருடம் அவர் என்னைக் கழற்றவிடவில்லை. அவர் கட்டிலைச் சமையலறை ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். குப்பி தெரிய வேண்டுமாம். தினமும் புதிதாகக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார். அவருக்கு இறங்குவது இரண்டு ஸ்பூன் கஞ்சிதான்.

நேற்று எரிச்சலில் கேட்டுவிட்டேன்: "எல்லாம்தான் போயிடுச்சே, யாருக்கு ஊத்துறது?"

"வழி தப்பினது ஒண்ணு பிந்தி வரும், டெல்மா. பசியோட வரும்" என்றார்.

உறைபனி தொடங்கிவிட்டது. தண்ணீர் உறைந்துவிட்டால் அப்புறம் வைத்துப் பயனில்லை.

உன் அம்மா