ஞாயிற்றுக்கிழமை காட்டாத வீடு

ஜூன் 10, செவ்வாய்
காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். கல்லூரி ஆபீசுக்கு அரை நாள் லீவு. மலரோடு மார்க்கையன்கோட்டை ரோட்டில் வீடு பார்த்தது.

பிடித்தவை: தேக்குக் கதவு. ஜன்னல் வைத்த சமையல்கட்டு. மொட்டைமாடியில் நின்றால் மேகமலை முழுசாக.
பிடிக்காதது: ரோட்டிலிருந்து ஒரு சந்து வழியாகத்தான் போகணும்.

ஞாயிறு அம்மாவைக் கூட்டி வரவா என்றேன். வீட்டுக்காரர் தங்கவேல், "ஞாயிறு மட்டும் வேணாம் சார். குலசாமி கோயிலுக்குப் போயிருவேன். மத்த நாள்ல எப்ப வேணாலும் வாங்க." பக்தியான மனுஷன்.

கிளம்பும்போது சொன்னார்: "உங்க சகல குமரேசன் ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டாக."

அதற்கப்புறம் மேகமலை கண்ணில் படவில்லை.

ஜூன் 11, புதன்
கு.வுக்கு என்ன குறை? சின்னமனூரில் வாழைக்காய் மண்டி. கார். மாமியார் வீட்டில் கறிக்குழம்பு என்றால் ஈரல் அவன் இலையில், எலும்பு என் இலையில். பத்தாவது தாண்டாதவன். நான் எம்.காம்., உத்தமபாளையத்தில் மாடி வாடகை வீடு, மோட்டார் போடக்கூட கீழ்வீட்டில் கேட்கணும்.

காலையிலேயே போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். "தாய்ப்பத்திரம் பாக்க வேணாமா?" என்றாள் மலர். அப்புறம் பார்க்கலாம். முதலில் அவன் முந்தக்கூடாது.

ஜூன் 20, வெள்ளி
தங்கவேல் வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் என் அட்வான்ஸ்.

"மக விக்கக் கூடாதுன்னு அழுகுறா சார். பொம்பளப் புள்ள கண்ணீரு நமக்கு வேணாம்."

நானே அந்த ஆளுக்கு ஆறுதல் சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 23, திங்கள்
மகள் அழுகையை நிறுத்திவிட்டாள் போல. கு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என் தேக்குக் கதவு. பக்கத்தில் கூலிங் கிளாஸோடு கு.

மலரின் தங்கை தேவி, கு. பெண்டாட்டி, போனில் விவரம் சொன்னாளாம். "உங்க சகல விடமாட்டேங்கிறாக" என்று சொல்லிச் சொல்லியே அவனிடம் விலையை ஏற்றியிருக்கிறார் தங்கவேல். என்னிடம் அவன் பேர், அவனிடம் என் பேர்.

ஏமாற்றியது தங்கவேல். கோபம் முழுக்க கு. மேல். தெரியத்தான் செய்கிறது.

மலர் நாலு தடவை "போனாப் போகுது, விடுங்க" என்றாள். ஐந்தாவது தடவைக்கு முன் எழுந்து போய்விட்டேன்.

காஸ் புக் பண்ணணும். மறந்துபோச்சு.

ஜூன் 29, ஞாயிறு
சாரல். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பல் டாக்டர் என்று மலர் கேட்கவில்லை. வீட்டை ஒரு தடவை பார்க்கணும், அவ்வளவுதான்.

சந்து முனையில் குறுக்கே ஜீப். கயிற்றுக் கட்டிலில் ஒருவர், தங்கவேல் ஜாடை. தம்பியாம். கேரளா பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. சனி சாயங்காலம் இறங்கி, திங்கள் காலையில் மலையேறிவிடுவார்.

"வீடு பாக்க வந்தீகளா? வீடு அவனோடது. இந்தச் சந்து எங்கப்பா எனக்கு எழுதிக் குடுத்தது. நான் இங்கன இல்லாத நாளாப் பாத்து ஆளக் கூட்டியாறான். வாங்குறவுக வானத்துல பறந்து வரட்டும்."

உள்ளே போய்ப் பத்திரத்தையே எடுத்து வந்து காட்டினார். வரிக்கு வரி படித்தேன். சரியாக இருக்கிறது.

குலசாமி கோயிலாம்!

வரும் வழியில் பரோட்டா. இன்னும் ரெண்டு கேட்டு வாங்கினேன். சாப்பாடு இவ்வளவு ருசித்து எத்தனை நாளாச்சு. வீட்டுக்கு வந்ததும் மலர், "பல்லு சரியாப் போச்சா?"

ஜூலை 2, புதன்
திங்கள் கு.வுக்குப் பத்திரப் பதிவாம். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சணுமாம்.

சொல்லணும். போன் பண்ணினால் ஒரு நிமிஷ வேலை. "ஞாயித்துக்கிழமை போய்ப் பாரு" என்றால் போதும்.

எனக்கு டெங்கு வந்து தேனியில் படுத்திருந்தபோது ஒன்பது நாளும் கஞ்சி கொண்டுவந்தது தேவிதான். பஸ்ஸில். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

போன் பண்ணவில்லை.

ஜூலை 5, சனி
மாமியார் வீடு. எல்லோரும் இருந்தார்கள். கு. கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பால் காய்ச்சுக்கு அழைத்தான். "மச்சான், முத நாளே வந்துருங்க" என்றாள் தேவி. மாமியார் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன், எரிந்தது.

சொன்னேன். எப்படிச் சொன்னேன்? "வீடெல்லாம் ஜோர்தான். பறந்து போக ரெக்க வாங்கிட்டியா சகல?"

"என்ன சகல?"

"பாதைல தகராறுன்னு கேள்வி."

"யாரு சொன்னா?"

"நாலு பேரு சொல்றாக."

நேரில் போனதைச் சொல்லவில்லை. தம்பி, பத்திரம், ஞாயிறு எதையும் சொல்லவில்லை. "மச்சானுக்குக் கெடைக்கலன்னா எங்களுக்கும் கெடைக்கக் கூடாதாக்கும்" என்று தேவி உள்ளே போய்விட்டாள். கு. சிரித்தான்.

சரி. சொல்லியாச்சு. இனி என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

பஸ்ஸில் மலர்: "நம்பக் கூடாதுன்னே சொன்ன மாதிரில்ல இருந்துச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 7, திங்கள்
பதிவு முடிந்தது. தலைவலி. மாத்திரை.

ஜூலை 13, ஞாயிறு
பால் காய்ச்சு. சந்து முனையில் ஜீப். ஐயர், சொந்தபந்தம் எல்லோரும் ரோட்டில். தேவி பட்டுச்சேலையில், இடுப்பில் குடம், கையில் பால் சொம்பு. ஒரு மணி நேரம் நின்றாள். கு. கத்தினான், அப்புறம் கெஞ்சினான். அவன் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. தங்கவேல் போன் சுவிட்ச் ஆஃப்.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது. தேவி முகத்தைப் பார்க்கிற வரைக்கும்.

அந்தத் தம்பி என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, "சார், நீங்க அன்னிக்கே பத்திரத்தப் படிச்சிட்டுத்தான போனீக? இவுககிட்டச் சொல்லலியா?"

அந்தச் சத்தத்தில் வேறு யார் காதிலும் விழவில்லை. மலர் என் பக்கத்தில் நின்றாள்.

வரும்போது பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 14, திங்கள்
காற்று நின்றிருக்கிறது. சாயங்காலம் கு. வந்தான். காரில் வரவில்லை, பஸ்ஸில். ஒரு நாளில் முகம் வற்றிவிட்டது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கே சொன்னீக சகல. எங்க நல்லதுக்குத்தான் சொல்லிருக்கீக. நாந்தான் பொறாமைல பேசுறீகன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"அட, விடு சகல" என்றேன்.

மலர் காபி கொண்டுவந்தாள். ஒரே ஒரு டம்ளர். அவனுக்கு.