நீலக் குழாயில் ஒரு கோடு

லேபர் கேம்ப்
21.6.2024, வெள்ளி

அன்புள்ள மானசா அக்காவுக்கு, மாரிசெல்வி எழுதுவது.

வாராவாரம்போல நீங்கள் எங்கள் கடையில் விட்டுப்போன சைக்கிளை நேற்று கழுவும்போது ஒரு கோட்டைப் பார்த்தேன். ஹேண்டிலுக்குக் கீழே, சட்டத்தின் அந்த ஒற்றைப் பெரிய குழாய் முன்குழாயோடு வந்து சேரும் இடத்தில், அடிப்பக்கமாக. முடி அளவுதான் இருக்கும். சேறு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் அந்த இடத்தில் நகம் தட்டுகிறது. வேறொன்றும் இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் நலம். மழை வந்ததிலிருந்து கடை வாசலில் தண்ணீர் நிற்கிறது. நம்பிராஜன் அண்ணன் பலகை போட்டிருக்கிறான். கீழே கடை, மேலே நாங்கள் என்பதால் வெல்டிங் புகை எல்லாம் அம்மாவின் அடுப்படிக்குத்தான் போகிறது. அவள் கீழே பார்த்துத் திட்டுவதும், இவன் மேலே பார்த்து ஈ என்று சிரிப்பதும் வழக்கம்போல.

போன ஞாயிற்றுக்கிழமை யேவூர் மேட்டில் நீங்கள் எனக்காக மூன்று இடத்தில் நின்றீர்கள். என் இரும்பு வண்டியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் முடியவில்லை, அக்கா. ஆனால் இறக்கத்தில் உங்கள் பின்னாலேயே வந்தேன். அந்த வேர்ப்படிகளில் நீங்கள் பிரேக்கைத் தொடாமல் குதித்து இறங்கும்போது முன்பக்கத்திலிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு தடவை. உங்களுக்குக் கேட்டதா?

நீங்கள் பேசிக்கொண்டே ஓட்டுகிறீர்கள். நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது. போன் அண்ணனிடம்தான் இருக்கிறது. அதனால் வழக்கம்போல சீட்டுக்கு அடியில் உள்ள பையில், பஞ்சர் ஒட்டும் தாள்களுக்கு நடுவே இதை வைக்கிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

உங்கள் மாரிசெல்வி

*

மாட்டுங்கா
26.6.2024, புதன்

வாயைத் திறக்காத என் மாரிக்கு,

எழுதினால் மட்டும் இவ்வளவு பேசுகிறாயே. யேவூருக்குப் போன அன்று தாணே ஸ்டேஷன் முதல் காட்டு கேட் வரைக்கும் நீ சொன்னது மூன்று வார்த்தை: "சரி", "இல்லை", "அட்டை". மூன்றாவது என் காலில் இருந்ததால் சொன்னாய்.

உன் கடிதத்தைச் சிரிக்காமல்தான் படித்தேன். சனிக்கிழமை வண்டியை எடுக்க வந்தபோது, வாசலிலேயே அதைப் பிரித்துப் படித்துவிட்டு, உன் அண்ணனிடம் அந்தக் கோட்டைக் காட்டினேன். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, "பெயிண்ட்டு மேடம். மழைக்கு வெடிக்கத்தான் செய்யும். குழாய் அசையாது" என்றார். நீ திரைக்குப் பின்னால் நின்றிருந்தாய், உன் கால் தெரிந்தது. எட்டிப் பார்த்திருந்தால் ஒரு வணக்கம் வைத்திருப்பேன்.

மார்ச் மாதம் இந்த நீல வண்டியை உங்கள் கடையில் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் வகுப்பு, ஆறாவது நாள் துணி துவைப்பது, ஏழாவது நாள்தான் நான் உயிரோடு இருப்பது. எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் சேறு கழுவக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் போடவில்லை, ஆனால் என் டயர் தடத்தின் படம் போட்டிருக்கிறார்கள். அம்மா, "அந்த மலைல என்னடி வச்சிருக்கு? மாடிப்படி நாலு மாடி இருக்கே, அதுல ஏறி எறங்கேன்" என்கிறாள்.

இப்போது முக்கியமான செய்தி. ஜூலை ஏழாம் தேதி கர்ஜத் பக்கம் போகிறோம், பன்னிரண்டு பேர். செருப்புச் சரிவு என்று பெயர். யாரோ ஒருவன் அதில் தன் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு வந்தானாம். ஒன்றரை கிலோமீட்டர் ஒரே இறக்கம், கல்லும் வேரும். நீயும் வருகிறாய். ஜீப்பில் உன் வண்டிக்கும் இடம் பிடித்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் வாயால் சொல்ல வேண்டும், எழுதக் கூடாது.

மானசா

*

லேபர் கேம்ப்
28.6.2024, வெள்ளி

அன்புள்ள மானசா அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய பலாப்பழ வறுவல் கிடைத்தது. அம்மா பாதி டப்பாவைத் தின்றுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

அக்கா, போன வாரம் கோட்டின் இரண்டு முனையிலும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தேன். இப்போது கோடு ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டது. ஓர் அரிசி நீளம். புள்ளி வைத்ததை அண்ணன் பார்த்துவிட்டான். துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னான்: "நீ கழுவுற வேலையப் பாரு. அளக்குற வேலைய நான் பாத்துக்கிடுதேன்."

எதிர்க்கடையில் அலுமினியச் சட்டி அடிக்கிற வெயிலுமுத்து மாமாவிடம், யாருடைய வண்டி என்று சொல்லாமல் கேட்டேன். அவரிடம் நான் பேசியதே இதுதான் முதல் தடவை, அதனால் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "இரும்புன்னா முதல்ல வளையும், ஆளுக்குத் தெரியும். அலுமினியம் வளையாது புள்ள. ஒடிஞ்ச பொறவுதான் தெரியும்" என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போது முன்குழாய் ஒடிந்தால் சக்கரம் தனியாகப் போய்விடும், ஆள் முகம் குப்புற விழுவான் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் வந்துவிட்டேன்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போக வேண்டாம். உங்கள் முன்சக்கரத்தின் அச்சில் மரை தேய்ந்திருக்கிறது. புது அச்சு வர ஒரு வாரம் ஆகும், இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை சைக்கிள் இங்கேயே இருக்கட்டும். கர்ஜத்துக்கு வேண்டுமானால் என் இரும்பு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கனம்தான், ஆனால் ஒன்றும் ஆகாது. நான் வீட்டில் இருக்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வண்டி இங்கேயே நிற்பதால் இந்தக் கடிதத்தைப் பலாப்பழ டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

மாரிசெல்வி

*

மாட்டுங்கா
3.7.2024, புதன்

மாரிசெல்விக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நம் சைக்கிள் கூட்டத்தார் எல்லாரும் ரயிலின் லக்கேஜ் டப்பாவில் மீன்கூடைகளுக்கு நடுவே சைக்கிளோடு நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே உன் அண்ணன் என் வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அச்சில் ஒரு குறையும் இல்லையாம். நீ அதைக் கழற்றி, உப்புத்தாள் வைக்கிற டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாயாம். உண்மையா? நான் நம்பவில்லை என்று அவரிடம் சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவளுக்கு உங்க வண்டி மேல ஒரு கண்ணு மேடம். இரும்ப மிதிச்சு மிதிச்சு வயிறெரியுது. சின்னப் புள்ள, மனசுல வச்சுக்காதீங்க."

அப்படிச் சொன்னதற்காக அவர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் இரவு யோசித்துப் பார்த்தேன். நான் எப்போதும் முன்னால் போய் நிற்பதும், நீ மூச்சு வாங்கிக்கொண்டு வருவதும், நான் சிரிப்பதும். உனக்கு அது வலித்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டேன். அதற்காக ஒரு பொய்யான அச்சு தேவையில்லை.

வண்டியைக் கர்ஜத்துக்கு முன்னால் கிரீஸ் போட்டுத் தரச் சொல்லி நாளை விடுகிறேன், இந்தக் கடிதமும் அதிலேயே வரும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுக்க வருவேன். ஞாயிற்றுக்கிழமை ஜீப். செருப்புச் சரிவில் நான் இறங்கத்தான் போகிறேன். உனக்குப் பிடித்த இடம் என் பின்னால்தான் என்றால், இன்னும் உனக்கு அங்கே இடம் இருக்கிறது.

வேறு ஏதாவது இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல். கோடு, புள்ளி, அரிசி என்று எழுதாதே. நான் இத்தனை மாதமாக ஒரு தாளோடு சிநேகமாக இருந்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மானசா

*

உங்கள் கட்டடத்தின் வாசல், மாட்டுங்கா
6.7.2024, சனி, மதியம் மூன்று மணி

மானசா அக்காவுக்கு,

முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் இல்லை. வாட்ச்மேன் போனில் கேட்டார், உங்கள் அம்மா, "சைக்கிள் கடைப் பொண்ணா? அவ வெளில போயிருக்கா, எதுவானாலும் கீழயே வச்சுட்டுப் போகச் சொல்லுங்கோ" என்றார்கள். படியில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதுகிறேன்.

உங்கள் சைக்கிள் பிப்ரவரியில் எங்கள் கடைக்கு ஒரு சாக்கில் வந்தது. இரண்டு துண்டாக. முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. எங்கிருந்து வந்தது என்று அண்ணன் சொல்லவில்லை. கைப்பிடி ரப்பரில் ஏதோ கறுப்பாகக் காய்ந்திருந்தது. சேறு என்றான். சோப்புத் தண்ணீரில் போட்டபோது தண்ணீர் சிவந்தது. நான்தான் கழுவினேன், நான்தான் ஊற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் இரண்டையும் வெல்டிங் வைத்துச் சேர்த்தான். அவன் கற்றுக்கொண்டது இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் ஒட்டுவது. இரும்பை ஒட்டினால் எப்படித் தண்ணீர் ஊற்றுவானோ, அப்படியே இதற்கும் ஊற்றினான். அலுமினியத்தை ஒட்டிய பிறகு சூளையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும் என்று வெயிலுமுத்து மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணனுக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும்.

அதன்மேல் பட்டி பூசியது நான். இரண்டு நாள் உப்புத்தாள் போட்டேன், முதலில் சொரசொரப்பான தாள், கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற மெல்லிய தாள். பிரைமர் அடித்து, நீலம் அடித்தேன். அண்ணன் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "ஒட்டுன எடத்தக் காட்டு பாப்போம்" என்று பந்தயம் கட்டினான். ஒருவராலும் காட்ட முடியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற பிறகு யாரும் என்னைப் பார்த்து நல்ல வேலை என்று சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அக்கா. மார்ச்சில் நீங்கள் வந்து அதே இடத்தில் கையை வைத்து, கலர் அழகாக இருக்கிறது என்றீர்கள். திரைக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதைத்தான் இத்தனை நாள் எழுதவில்லை. பொறாமை இல்லை. உங்கள் பின்னால் வருவது எனக்கு ஒரு நாளும் வலித்ததில்லை.

நேற்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். சத்தம் போடவில்லை அவன். அதுதான் பயமாக இருந்தது. ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். "ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு போயிட்டு வந்துரும். பொறவு நைசா வாங்கி வேற ஏதாச்சும் மாத்திக் குடுத்துருவோம். நீ இப்ப வாயத் தொறந்தா கட போயிரும், மேல இருக்குற வீடும் போயிரும். அம்மாவ எங்க வைப்ப?" என்றான். அக்கா போய்த் திரும்பி வராவிட்டால் என்று கேட்க நினைத்தேன். அவன் பேசினால் எனக்கு வார்த்தை வருவதில்லை. ஐந்து மணிக்கு நீங்கள் வந்தாலும் அவன்தான் பேசுவான், நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவீர்கள்.

இன்று மதியம் அவன் சுனாபட்டிக்கு ஜன்னல் கம்பி மாட்டப் போனான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சுரண்டியால் என் நீலத்தைச் சுரண்டினேன். பிரைமர் வந்தது, பட்டி வந்தது. பட்டிக்கு அடியில் கோடு குழாயைச் சுற்றிப் போயிருந்தது. மேலே நாம் பார்த்த அந்த முடி அதன் ஒரு நுனிதான். மேல்பக்கம் என் இரண்டு விரல் அகலம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் யேவூரில் குதித்தீர்கள்.

ரம்பம் எடுத்து அந்த இரண்டு விரலையும் அறுத்தேன். ஒன்பது இழுப்பு. பத்தாவதுக்குக் குழாய் தானாகவே விழுந்துவிட்டது. நல்ல குழாய் என்றால் கை ஓய்ந்துவிடும்.

பின்பாதி கடை நடுவில் கிடக்கிறது. அண்ணன் நாலு மணிக்கு வந்துவிடுவான், பார்ப்பான். முன்பாதியைச் சாக்கில் போட்டு நடந்தே இங்கே கொண்டுவந்தேன். வாட்ச்மேன் அறையில் வைத்திருக்கிறேன். உள்ளே கையை விடாதீர்கள், அறுத்த ஓரம் கூர்மையாக இருக்கிறது. உங்கள் கூட வருகிறவர்களிடமும் காட்டுங்கள், எங்கள் கடைப் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பதில் எழுத இனி உங்களுக்குப் பை இல்லை. எழுத வேண்டும் என்றும் இல்லை.

நீங்கள் வரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஏப்ரலில் ஒரு பச்சை வண்டி விற்றோம். அதுவும் இதே மாதிரி சாக்கில் வந்தது, அதற்கும் பட்டி பூசியது நான்தான். வாங்கியவர் பெயர் அண்ணன் கையால் கடைச் சுவரில் எழுதியிருக்கிறது: அபுதாஹிர், மெத்தைக் கடை, குர்லா. நாளை ஞாயிற்றுக்கிழமை. அவரும் மலைக்கு ஓட்டுகிறவர்.

இதை மடித்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்கிறேன். மூன்று ஐம்பதுக்குக் குர்லா போகிற ஒரு ஸ்லோ ரயில் இருக்கிறது.

மாரிசெல்வி