நீ கேட்காமல் அறுத்த வலை

என் மகன் பரிசலுக்குத் தார் பூசுகிறான். வாசலில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, தகர டப்பாவில் தாரைக் காய்ச்சி, துணி சுற்றிய குச்சியால் இழுத்து இழுத்துப் பூசுகிறான். அந்த வாடை வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானை வரைக்கும் ஏறிவிட்டது. தார் பூசுகிற நாளில் நீ மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் துடைப்பாய். அப்படியும் விரலை முகர்ந்து பார்த்து, "இன்னிக்கு எனக்குச் சோறு எறங்காதுக்கா" என்பாய். சொல்லிவிட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவாய். எனக்கு எதுவும் மறப்பதில்லை. நல்லது மறக்காது, கெட்டது அதைவிட மறக்காது.

தை மாசம் நீ போனாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உன்னைத் தூக்கிய அன்றைக்கு நான் அழவில்லை. "மூத்தவ கண்ணுல சொட்டுத் தண்ணி இல்ல பாரு, என்னா கல்லு மனசு" என்று உன் அண்ணன் பெண்டாட்டி பந்தலிலேயே சொன்னாள். எந்தப் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள் என்பது வரைக்கும் வைத்திருக்கிறேன். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். நான் மூத்தவன் பெண்டாட்டி, நீ இளையவன் பெண்டாட்டி. முதலில் உன் புருஷன் போனான், பிறகு என் புருஷன். அவர்கள் ஓட்டிய பரிசல் ஒன்று மிஞ்சியது. நம் நாகமரையில் புருஷனோடு அணைத் தண்ணீரில் மீன் பிடிக்கப் போகிற பெண்கள் உண்டு. இரண்டு பெண்களாகப் போனது நாம்தான். நான் முன்னால் முட்டி போட்டுத் துடுப்புப் போடுவேன், நீ பின்னால் உட்கார்ந்து வலை விடுவாய். சாயங்காலம் விட்டுவிட்டு வந்து விடியலில் போய் இழுப்போம். ஜிலேபி வரும், கெண்டை வரும், என்றைக்காவது ஒரு பெரிய ரோகு வரும். நீ வாய் ஓயாமல் பேசுவாய்.

"மெதுவாப் பேசுடி, மீனெல்லாம் ஓடுது."

"ஓடுனா வலையிலதானக்கா வந்து வுழணும்."

அந்த வலையைச் சொல்ல வேண்டும். என் புருஷன் நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்த வருஷம் கட்டிய வலை அது. வெள்ளை நூல் தீர்ந்துபோய், ஓரத்துக்குப் பச்சை நூல் போட்டு முடித்தார். அது தண்ணீரில் இறங்கியதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

ஆடிக் காற்று அடித்த அன்றைக்கு விடியலில் நாம் அதை இழுத்துக்கொண்டிருந்தோம். அணை கட்டுவதற்கு முன்னால் ஊர் இருந்த இடம் அது. அடியில் நின்ற புளியமரக் கட்டையில் வலை மாட்டிக்கொண்டது. நீ இழுத்தாய், வரவில்லை. காற்று ஒரு பக்கம் தள்ள, வலை ஒரு பக்கம் பிடிக்க, பரிசல் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நீ கத்தியை எடுத்து அறுத்துவிட்டாய்.

கரையேறியதும் கேட்டேன். "யாரக் கேட்டுடி அறுத்த?"

"கேட்டுக்கிட்டு இருந்தா ரெண்டு பேரும் உள்ள போயிருப்போம்க்கா."

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். முந்தானையைப் பிழிந்துகொண்டே இன்னொன்றும் சொன்னாய். "வலைதான, வுடுக்கா. வேற வாங்கிக்கலாம்."

வலைதான. அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் உன்னோடு பேசவில்லை.

பேசாமலே பரிசல் ஏறினோம். தனி ஆளாக வலை விட முடியாது, நம் இருவரையும் வேறு யாரும் ஏற்றிக்கொள்ளவும் மாட்டார்கள். கத்திப் பிடியால் விளிம்பில் நீ ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்துவேன், இரண்டு தட்டினால் திருப்புவேன். வருஷக் கணக்கில் இதுதான் நம் பேச்சு. கரையில் மீன் எடுக்க வருகிற பாய் சிரிப்பார். "பேசாமயே இவ்ளோ மீனு புடிக்கறீங்க. பேசுனா டேமுல தண்ணி மட்டுந்தான் மிஞ்சும் போல." நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. "வலைதானன்னு சொன்னது தப்புக்கா" என்று ஒரு வார்த்தை உன்னிடமிருந்து வரவேண்டியிருந்தது. அதற்குத்தான் காத்திருந்தேன். கடைசி வரைக்கும் நீ அதைச் சொல்லவில்லை.

பேச்சு நின்ற அந்த வருஷமே ஒருநாள் விடியலில் பரிசலுக்குள் ஒரு பெரிய கல் கிடந்தது, நீ உட்காருகிற இடத்தில். தெருப் பிள்ளைகள் வேலை என்று திட்டிக்கொண்டே தூக்கித் தண்ணீரில் போட்டேன். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த வாரமே உன் பாதாளக் கொலுசும் காணாமல் போனது. கிணற்றில் குடம் விழுந்தால் கயிறு கட்டி இறக்கித் துழாவி எடுக்கிற அந்தக் கொக்கிக் கொத்து உன் அம்மா வீட்டுச் சீர். தெருவே உன்னிடம்தான் இரவல் வாங்கும். கேட்டு வந்தவர்களிடம், "அது தொலஞ்சு போச்சே எப்பவோ" என்றாய். "ஒரு கொலுசக் காப்பாத்தத் தெரியல, இவளெல்லாம் வலையக் காப்பாத்துவாளாக்கும்" என்று உன் காதில் விழும்படி பக்கத்து வீட்டில் நின்று சொன்னேன். விழுந்தது. நீ திரும்பவில்லை.

இந்தக் கோடையில் அணையில் தண்ணீர் இறங்கியது. நீ வலையை அறுத்த வருஷத்துக்குப் பிறகு இவ்வளவு இறங்கியது இப்போதுதான். "அம்மா, புளியங்கட்டையில ஒரு வல தொங்குது, வந்து பாரு" என்று மகன் கூப்பிட்டான். வெடித்த சேற்றில் நடந்து போனேன். பாசி காய்ந்து, மீன் முள்ளெல்லாம் சிக்கி, கந்தலாகத் தொங்கியது. ஓரத்தில் பச்சை நூல் இருந்தது. அதற்குள் மாட்டிக்கொண்டு உன் பாதாளக் கொலுசும் இருந்தது. வளையத்தில் கயிற்றின் முடிச்சு இன்னும் அவிழவில்லை.

வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். தனியாகப் பரிசலில் போகிறவர்கள், முன்பக்கம் சாயாமல் இருக்கப் பின்னால் கல் வைப்பார்கள். உனக்குத் துடுப்பு நேராகப் போடவும் வராது. சுற்றிச் சுற்றித்தான் போயிருப்பாய். இழுத்துப் பார்த்திருப்பாய். கொலுசையும் விட்டுவிட்டு வந்திருப்பாய்.

அதையும் என்னிடம் சொல்லவில்லை. அறுத்ததும் கேட்காமல், எடுக்கப் போனதும் கேட்காமல். கேட்டிருந்தால் நான் துடுப்புப் போட்டிருப்பேன், பேசாமலாவது போட்டிருப்பேன். இப்போதும் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை.

கொலுசை இழுத்தேன், வரவில்லை. கொக்கிகள் எல்லாம் கண்ணிக்குள் போய் முறுக்கிக் கிடந்தன. "வல வேணும்னா கொலுச வுடு, கொலுசு வேணும்னா அறுக்கணும். என்னம்மா பண்ணட்டும்?" என்றான் மகன்.

நான் யாரைக் கேட்பது? அவன் கையிலிருந்த கத்தியை வாங்கி அறுத்தேன். பச்சை நூல்தான் கடைசியாக அறுந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது என் மகன் துடுப்புப் போட, நான் உன் இடத்தில் உட்கார்ந்து வலை விடுகிறேன். விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுகிறேன். அவனுக்கு அது புரிவதில்லை. "வாயத் தொறந்து சொல்லும்மா" என்கிறான்.

நேற்று எதிர் வீட்டுப் பெண் வந்தாள், கிணற்றில் குடம் விழுந்துவிட்டதாம். "ஆயா, சின்ன ஆயா வூட்டுப் பாதாளக் கொலுசு கெடச்சிருச்சாமே, கொஞ்சம் குடுங்க" என்றாள்.

"அது தொலஞ்சு போச்சே எப்பவோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தார் காய்ந்ததும் கொலுசைப் பரிசலில் உன் இடத்துக்குக் கீழே போட்டுவைக்க வேண்டும்.