திரைக்கு இந்தப் பக்கம்

என் மகளுக்கு, உம்மாவின் ஸலாம்.

இங்கே எல்லாரும் சுகம். உன் அலமாரியைக் காலி பண்ணிட்டேன்.

தொழுகையில இமாம் தவறினா ஆம்பளைங்க வாய்விட்டுச் சொல்லணும், பொம்பளைங்க கை தட்டணும், அதுதானே முறை? இன்னைக்கு அஸர் தொழுகையில நாலு ரக்அத்தோட முடிக்காம அவர் அஞ்சாவதுக்கு எழுந்துட்டார். ஆம்பளைங்க ஒருத்தரும் வாயைத் திறக்கலை. திரைக்கு இந்தப் பக்கம், பொம்பளைங்க வரிசையிலிருந்து நான்தான் தட்டினேன். உடனே உட்கார்ந்துட்டார்.

தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசல்லேயே உன் கல்யாணப் பேச்சு. "மககிட்ட போன்ல கேட்டேன், பேசாம இருந்தா. கன்னிப்பொண்ணு மௌனம் சம்மதம்தானே?"ன்னார் உன் வாப்பா. நீ "வேண்டாம் வாப்பா"ன்னு அழுதது பக்கத்துல நின்ன எனக்கே கேட்டுச்சு. "அவ வேண்டாம்னுதான் சொன்னா"ன்னு திரைக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "பொம்பளைக் குரல் சபையில கேட்கக் கூடாது"ன்னு யாரோ அதட்டினாங்க.

கல்யாணத்தை உறுதி பண்ணி இமாம் துஆ ஓத ஆரம்பிச்சார். நான் கை தட்டினேன்.

நிறுத்தினார். "என்ன தப்பு?"ன்னு வாப்பாகிட்ட கேட்டார். "ஒண்ணுமில்லை, நீங்க ஓதுங்க"ன்னார் வாப்பா. இமாம் ஓதி முடிச்சார்.

எனக்குக் கோபம்கூட வரலை. வீட்டுக்கு வந்து துணி மடிச்சேன்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ். எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லி உன்னைக் கூப்பிடுவாங்க. வராதே. உன் சான்றிதழையெல்லாம் இதோட வச்சு அனுப்பியிருக்கேன்.

உன் உம்மா